பின் தட்டில் இரண்டு கேன்

பிப்ரவரி 2, திங்கள்

இரண்டு வண்டிகளும் மலையேறி வந்துவிட்டன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. நாலு தடித்த சக்கரம், நடுவில் மோட்டார் சைக்கிள் சீட்டு, முன்னால் ஒரு கம்பித் தட்டு, பின்னால் ஒரு கம்பித் தட்டு. ஏ.டி.வி. என்று பெயராம். பேச்சியக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டிராக்டரு குட்டி போட்டது மாதிரி இருக்கு" என்றார்.

எதற்கு வந்தன என்று எழுதி வைக்கிறேன், பிறகு யாராவது கேட்டால் காட்ட. எங்கள் பெரியூத்தில் இருபத்தொரு வீட்டுப் பால் தினமும் காலையில் ஏழு கிலோமீட்டர் கல் பாதையில் இறங்கி, வடகரைப்பட்டி குளிரூட்டும் நிலையத்துக்குப் போக வேண்டும். ஒன்பது வருடமாகக் காசிமாயனின் குதிரைகள் சுமந்தன. இறங்க இரண்டரை மணி நேரம். இப்போது நிலையத்தில் ஏழரைக்கு மேல் பால் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த மாதம் முடிவதற்குள் நேரத்துக்கும், கொழுப்புக் குறையாமல் தரத்தோடும் பால் வராவிட்டால் மார்ச் முதல் தேதியிலிருந்து எங்கள் பால் சங்கம் மூடல். மூடினால் இருபத்தொரு வீட்டிலும் மாட்டை விற்க வேண்டியதுதான்.

கோயம்புத்தூரில் ஓர் அறக்கட்டளை, "ஒரு வண்டி நாங்கள் வாங்கித் தருகிறோம், இரண்டையும் ஓட்டிப் பார்த்து எது என்று சொல்லுங்கள்" என்றது. சொல்ல வேண்டியது சங்கச் செயலாளராகிய நான். நான் என்ன மெக்கானிக்கா? எனக்குத் தெரிந்த சக்கரம் தையல் மெஷின் சக்கரம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அறக்கட்டளையிலிருந்து வரதராஜன் சார் போன் செய்தார். மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்ஜினியர். முக்கால் மணி நேரம் பேசினார். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது.

"அம்மா, முன் சஸ்பென்ஷனை விட்டுடுங்க. பால் எங்க இருக்கு? பின்னாடி இருக்கு. அப்ப நாம பார்க்க வேண்டியது பின் சஸ்பென்ஷன் மட்டும்தான். படிவம் அனுப்பிருக்கேன், தினம் நிரப்புங்க."

சஸ்பென்ஷன் என்றால் சக்கரத்தின் குலுக்கலைத் தாங்குகிற ஸ்பிரிங், ஷாக் எல்லாமாம். படிவத்தில் இருபத்திரண்டு வரி. பின் ஷாக் எத்தனை அங்குலம் ஏறி இறங்குகிறது, சுமையோடு எவ்வளவு அமுங்குகிறது, வளைவில் எவ்வளவு சாய்கிறது. கடைசி வரி, "ஓட்டுபவர் கருத்து". அதை அடித்து 'தேவையில்லை' என்று எழுதிவிட்டேன். ஓட்டப்போவது காசி. அவனுக்குக் குதிரையைத் தவிர என்ன தெரியும்?

பிப்ரவரி 4, புதன்

சிவப்பு வண்டியில் முதல் நாள் பால். மொத்தம் 84 லிட்டர். பின் தட்டில் பெரிய கேன் இரண்டு, முன் தட்டில் சின்னக் கேன் ஒன்று. ஐம்பது நிமிடத்தில் கீழே போய்விட்டான். எல்லோருக்கும் சந்தோஷம்.

அது பத்து மணி வரைதான். இங்கே எங்கள் மெஷினில் பார்த்தபோது கொழுப்பு 4.2. கீழே நிலையத்தில் பார்த்தபோது 3.6. மூடியின் உட்புறம் வெண்ணெய்த் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. வண்டி குலுக்குகிற குலுக்கலில் பால் கடைந்துபோகிறது. வரதராஜன் சாருக்குச் சொன்னதும், "பார்த்தீங்களா, பின் சஸ்பென்ஷன்!" என்றார், லாட்டரி விழுந்த மாதிரி.

கேன் நிரப்புவதில் என் மீது யாரும் குறை சொல்ல முடியாது. கழுத்துக்குக் கீழே நாலு விரல் குறைத்துத்தான் ஊற்றுவோம். இது என் சட்டம். சங்கம் ஆரம்பித்த வருடம் கேன் நிறைய ஊற்றி அனுப்பினோம். பால் வழிந்து, காசியின் குதிரை செல்லியின் முதுகுத்துணி புளித்து, புண்ணாகி, புழு வைத்துவிட்டது. அவன் என் வாசலில் உட்கார்ந்து அழுதான். அன்றைக்கே ஒவ்வொரு கேனுக்குள்ளும் என் விரல் நாலை வைத்து ஆணியால் கோடு கிழித்தேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு சிந்தியதில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

3.5.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று சிவப்பு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சேலையெல்லாம் கிரீஸ். பின்னால் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் கோர்த்திருக்கின்றன. அந்த அச்சை ஒற்றைக் கை ஒன்று பிடித்திருக்கிறது, நடுவில் ஒரே ஒரு ஷாக். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அச்சு முழுக்கச் சாய்கிறது. அச்சு சாய்ந்தால் தட்டு சாய்கிறது, தட்டு சாய்ந்தால் கேன். ஆனைக்கல் இறக்கத்தில் கல்லுக்குக் கல் இதே கதைதான். பிறகு பால் எப்படிக் கடையாமல் இருக்கும்?

இதற்கு நடுவில் காசி வேறு வந்து நின்றுகொண்டு, "யக்கா, பின்னாடி தளும்புது. மத்துப் போட்டுக் கடையுற மாதிரியே சத்தம் கேக்குது. இன்னுங் கொஞ்சம் மேல ஊத்துனா என்னக்கா?" என்றான்.

"பால்னா தளும்பத்தான் செய்யும். கோடு கோடுதான். நீ பின்னாடி காதைக் குடுக்காம முன்னாடி பாதையைப் பாத்து ஓட்டு" என்றேன். ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள். கொழுப்பு 3.5.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசையில் சாமியார் பொறுமையைப் பற்றிப் பேசினார். என்னைப் பார்த்தே பேசினாற்போல் இருந்தது. என் வீட்டுக்காரர் லூர்துசாமி பக்கத்தில் இருமினார். இருமல் ஒன்றும் இல்லை அவருக்கு.

பிப்ரவரி 9, திங்கள்

பச்சை வண்டி. இதில் ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, தனித்தனி ஷாக். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் இன்னொன்று பாட்டுக்குக் கிடக்கிறது. ஒன்பதரை அங்குலம் ஏறி இறங்கும் என்று கம்பெனி ஆள் தட்டில் கையை வைத்து அமுக்கி அமுக்கிக் காட்டினார். வளைவில் சாயாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பி வேறு. "மேடம், தொட்டில் மாதிரி" என்றார். வெறும் வண்டியில் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டும் போனார். உண்மையாகவே தொட்டில்தான். எனக்கு ஒரே நிம்மதி.

கொழுப்பு 3.7. பரவாயில்லை, ஏறுகிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

3.4. தொட்டிலாம் தொட்டில்!

கேன் ஏற்றியதும் பின்பக்கம் முட்டி போட்ட எருமை மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. டயர் போய் மட்கார்டில் உரசுகிறது. கம்பெனி ஆளைப் போனில் கேட்டால், "மேடம், ஷாக்குக்குக் கீழ ஒரு வளையம் இருக்கும், அஞ்சு புள்ளி இருக்கும், முதல் புள்ளியில வச்சிருக்கோம், சுமைக்கு ஏத்த மாதிரி ஏத்திக்கணும்" என்கிறார். இதை நேற்றே சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? பால்கார ஊருக்குக் கொண்டுவந்து வெறும் வண்டிக்கு அமைத்து ஓட்டிக் காட்டியிருக்கிறார்.

பிப்ரவரி 11, புதன்

இரண்டாம் புள்ளி. 3.5. பசு ஒன்று காலை மடக்கிக்கொண்டு பால் தர மறுத்தது. அதற்கும் என் மேல் கோபம் போல.

பிப்ரவரி 12, வியாழன்

நிலையத்து லேப் ஆள் தணிகாசலம் சார் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ராணியம்மா, மூடியில ஒட்டிருக்கிற வெண்ணெய் நாப்பது கிராம் தேறுமா? உங்க கணக்குப்படி குறையறது அறுநூறு கிராம். மீதி எங்கம்மா போகுது? வழியில யாராச்சும் பாலாடை எடுக்கிறாங்களா பாருங்க. நான் மேல எழுதித் தொலைக்கறதுக்கு முன்னாடி பாருங்க."

ஒன்பது வருடத்தில் பெரியூத்துப் பாலைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

பேச்சியக்கா ஐந்து மாடு வைத்திருப்பவர். சங்கத்தில் பாதிப் பேர் அவர் சொல்வதைக் கேட்பார்கள். காலையில் பால் ஊற்றும்போது அத்தனை பேர் நடுவில் சொன்னார்: "ஆனைக்கல்லுகிட்ட வண்டி தெனமும் நிக்குதாம்ல. காசி வீட்டுல நெய் மணக்குதுன்னு எங்க மருமக சொல்றா."

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. காசியை ஒன்பது வருடமாகத் தெரியும். நான் அவனைச் சந்தேகப்படவில்லை. கேன் மூடிகளுக்கு நூல் கட்டி அரக்கு வைத்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 14, சனி

அரக்கு உடையாமல் போயிருக்கிறது. கொழுப்பு 3.4.

திரும்பி வந்த காசி கேன் கழுத்தில் இருந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எனக்காக்கா?" என்றான். "பால் ஒன்றியத்து விதி" என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. அவன் நூலைச் சுருட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அரக்கை நெருப்புக் காட்டி எடுத்து மறுபடி ஒட்டலாம் என்கிறார் பேச்சியக்கா. இந்த அம்மாவுக்கு எங்கிருந்துதான் இதெல்லாம் தெரிகிறதோ.

பிப்ரவரி 16, திங்கள்

ஒரே நாளில் ஒரு வருடத்து அனுபவம். சின்னக் கேன் அடியில் ஓட்டை. நான் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பதிவேடுகளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் காசி பெரிய கேன் இரண்டையும் கழுத்து முட்ட ரொப்பி வைத்திருக்கிறான், என் கோட்டுக்கு மேலே! நாற்பது நாற்பது லிட்டர். மிச்ச நாலு லிட்டரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டானாம். கத்தினேன். இறைத்து எடுக்க நேரமில்லை. "இனிமே கோட்டைத் தாண்டினே, தொலைச்சிருவேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேட்க எனக்கு நேரமில்லை.

நிலையத்தில் வேலை இருந்ததால் லூர்துவும் நானும் அவர் மொபெட்டில் பின்னாலேயே போனோம். ஆனைக்கல்லில் வண்டி நின்றது. காசி இறங்கிக் கேன் கட்டிய கயிற்றை இறுக்கினான், ஏறிக்கொண்டான். வேறு ஒன்றும் செய்யவில்லை. நேற்றுத்தான் ஷாக்கை மூன்றாம் புள்ளிக்கு ஏற்றியிருந்தேன்.

கொழுப்பு 4.1!

மூன்றாம் புள்ளி, பச்சை வண்டி, மூன்றாம் புள்ளி. வரதராஜன் சாருக்கு உடனே போன் போட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அதே பச்சை வண்டி. அதே மூன்றாம் புள்ளி. பேச்சியக்கா வீட்டுச் சின்னக் கேனை இரவல் வாங்கி, கோடு பார்த்து ஒழுங்காக ஊற்றி அனுப்பினேன். 3.5.

சாயங்காலம் பால் ஊற்றும் இடத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பேச்சியக்கா விரலை மடக்கினார். "செகரட்டரி பின்னாடியே போன அன்னைக்கு மட்டும் கொழுப்பு சரியா இருக்கு. போகாத அன்னைக்கு இல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சங்கம் மூடினால் என்னைத்தான் கேட்பார்கள். "காசி, கொஞ்ச நாளைக்கு வேற ஆளு ஓட்டட்டும்" என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. திருடன் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. அவன் சாவியைப் பெஞ்சில் வைத்தான். என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

தவக்காலத்துக்குக் கோபத்தை விடுவது என்று முடிவு. காலை ஏழு நாற்பது வரை தாக்குப்பிடித்தேன்.

இன்று ஓட்டியது லூர்து. ஆனைக்கல்லில் வண்டி இரண்டு முறை ஆஃப் ஆகி, மூன்றாம் முறை தானும் கீழே விழுந்து, முழங்கால் தோலை உரித்துக்கொண்டு வந்தார். பால் சிந்தவில்லை, கோடு இருக்கிறதல்லவா. கொழுப்பு 3.4.

பேச்சியக்காவிடம், "இப்ப என் வீட்டுக்காரரும் பாலாடை எடுக்கிறாரா?" என்று கேட்டேன். அவருக்கு உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் காசி எடுக்கவில்லை. வண்டிதான் குற்றவாளி. காசியிடம் சொல்ல வேண்டும். நாளை.

பிப்ரவரி 19, வியாழன்

சிவப்பு வண்டிக்கு மாற்றினோம். 3.5. வரதராஜன் சார் டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். பிறகு கூட்டச் சொன்னார். படிவத்தில் நிரப்ப இடமில்லாமல் பின்பக்கம் எழுதுகிறேன்.

காசி வீட்டுப் பக்கம் போக நேரமில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

நேரம் இருந்தது. போகவில்லை.

பிப்ரவரி 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வீட்டில் ஒரு வாரமாக எடுத்து வைத்த பாலாடை இருந்தது. எனக்குப் படிவம் நிரப்பவே பொழுது சரியாக இருப்பதால், பாட்டிலில் போட்டுக் குலுக்கி வெண்ணெய் எடுக்கும்படி லூர்துவிடம் கொடுத்தேன். முழங்கால் கட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் குலுக்கினார். "வெண்ணெய் வர மாட்டேங்குது, உன் மாடும் வேலைநிறுத்தம்" என்றார். வாங்கிப் பார்த்தேன். பாட்டில் வாய் வரைக்கும் ரொப்பி வைத்திருக்கிறார். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்.

"ஏங்க, இத்தனை வருசம் வெண்ணெய் தின்னுருக்கீங்களே, இது தெரியாதா? வாய் வரைக்கும் ரொப்பிட்டு விடிய விடியக் குலுக்குனாலும் வெண்ணெய் தெரளுமா? கொஞ்சம் எறக்கி ஊத்துங்க. உள்ள அடிச்சுக்க எடம் வேணாமா?"

இடம்.

பாட்டிலோடு அப்படியே நின்றேன். "என்னாச்சு?" என்றார் அவர். பாட்டிலை அவர் மடியில் போட்டேன். கொட்டிலுக்குப் போய்க் கேனுக்குள் கையை விட்டு அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தேன். என் விரல் நாலு அப்படியே பொருந்தியது.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சிவப்பு வண்டியில் முழங்கால் கட்டோடு லூர்து, பின்னால் மொபெட்டில் நான். எனக்கு மொபெட் ஓட்டத் தெரியாது, ஓட்டினேன். ஒரு பெரிய கேனைக் கோடு வரைக்கும் நிரப்பினேன். இன்னொன்றைக் கழுத்து முட்ட நிரப்பினேன். மிச்சம் சின்னக் கேனில். தணிகாசலம் சாரிடம், பெரிய கேன் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன்.

கோடு வரை ஊற்றியது 3.5. முட்ட ஊற்றியது 4.2. ஒரே வண்டி, ஒரே தட்டு, ஒரே பாதை.

"சார், கோடு போட்ட கேன் பாலை ஊத்துன வடிகட்டியைக் கழுவாம காட்டுங்க" என்றேன். வலையில் வெண்ணெய் அப்பிக் கிடந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை நாளும் அந்த மீதியைக் கழுவி ஊற்றியிருக்கிறார்கள். "நானும் பாத்திருக்கணும்மா" என்றார். பார்த்திருக்க வேண்டியது நான்.

குதிரை நடக்கிற நடைக்கு அந்த இடைவெளி ஒன்றும் செய்யவில்லை. கல் பாதையில் ஐம்பது நிமிடம் ஓடுகிற எந்த வண்டிக்கும் அது மத்துக்கு இடம் விட்ட பானைதான். ஒரே அச்சு ஆனால் என்ன, தனித்தனிக் கை ஆனால் என்ன, ஒன்றாம் புள்ளி ஆனால் என்ன, ஐந்தாம் புள்ளி ஆனால் என்ன! இருபது நாள் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவள், கேனுக்குள் ஒரு தரம் எட்டிப் பார்க்கவில்லை.

காசி வடகரைப்பட்டியில் தங்கச்சி வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்து அங்கே போனேன். செங்கல் சுமந்துவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"நான் சொன்னேன்லக்கா."

"எப்படா சொன்ன?"

"சிவப்பு வண்டி ஓட்டுன மொத வாரத்துலயே சொன்னேன். பின்னாடி கடையுற சத்தம் கேக்குது, மேல ஊத்தலாம்னு. அப்புறம் கேன் ரொப்புன அன்னைக்குச் சத்தமே இல்லக்கா. அதையும் சொல்லத்தேன் வந்தேன். நீங்க வாயத் தொறக்க விடல."

"அப்படியெல்லாம் நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்று அப்போதும் சொன்னேன். என் வாய் அப்படி.

அவன் சண்டை போடவில்லை. "சரிக்கா. வண்டி ஓட்ட வர்றேன். ஆனா பால் ஊத்துற எடத்துல வச்சுத்தான சாவியை வாங்குனீங்க. அதே எடத்துல, அத்தன பேரும் நிக்கையில சொல்லுங்க. எம் மருமகப்புள்ள வீட்டுல வரைக்கும் பேச்சுப் போயிருச்சு" என்றான்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். ஆறாம் தேதி. வெள்ளிக்கிழமை. அவன் சொன்னது வார்த்தை மாறாமல் இருக்கிறது, என் கையெழுத்தில். அதற்குக் கீழே நான் சொன்னதும் இருக்கிறது. பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 23, திங்கள்

காலை ஐந்தரை. இருபத்தொரு வீட்டு ஆட்களும் இருந்தார்கள். காசி தள்ளி வேலியோரம் நின்றான். நான் பெஞ்சில் ஏறவில்லை, கீழேயே நின்று ஆறாம் தேதிப் பக்கத்தை வாசித்தேன். "ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள்" என்ற வரியையும் விடவில்லை. பதினாறாம் தேதியையும் வாசித்தேன், அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கேட்க எனக்கு நேரமில்லை என்பது வரைக்கும். பதினேழாம் தேதியையும் வாசித்தேன். திருடன் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை என்று எழுதியிருந்தேனே, அதைச் சத்தமாக வாசிக்கும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது.

"கோடு போட்டது நான். பழி சுமந்தது காசி. தப்பு என்னுது" என்றேன்.

பேச்சியக்கா தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு காசியிடம் போய், "எம் பாலை நீயே ஊத்துப்பா" என்றார். அந்த அம்மா வாயிலிருந்து மன்னிப்பு இந்த அளவுக்குத்தான் வரும்.

கேன் உள்ளே இருந்த கோடுகளை அரத்தால் ராவி எடுத்தேன். ராவும்போது காசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அது செல்லிக்காகப் போட்ட கோடுக்கா" என்றான். "தெரியும்டா" என்றேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நேற்று 4.2. இன்று 4.1. தணிகாசலம் சார், மார்ச்சிலும் வழக்கம்போலப் பால் எடுப்போம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

வரதராஜன் சாருக்கு மட்டும் வருத்தம். "அப்ப பின் சஸ்பென்ஷன்ல வித்தியாசமே இல்லையாம்மா?" என்றார், யாரோ தவறிவிட்ட மாதிரி. பாலுக்கு இல்லை என்றேன். ஆளுக்கு இருக்கும், அதை ஓட்டுபவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். படிவத்தில் இருபத்திரண்டாம் வரியில் நான் எழுதியிருந்த 'தேவையில்லை'யை அடித்துவிட்டுக் காசியிடம் நீட்டினேன்.

"சிவப்பே போதும்க்கா" என்றான். "பச்சை மெத்துன்னுதேன் இருக்கு, இடுப்பு வலிக்கல. ஆனா அதுல எத்தனை கை, எத்தனை மூட்டு! ஆனைக்கல்லுல ஒண்ணு ஒடைஞ்சா மதுரைக்குத்தேன் போகணும். இது ஒத்த அச்சு. ஒடைஞ்சா வடகரைப்பட்டி வெல்டிங் கடையிலயே முடிஞ்சிரும், மறுநாள் பால் போயிரும்." அப்படியே எழுதச் சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் வாயைத் திறக்காமல் நின்றேன். தவக்காலத்தில் நான் செய்த ஒரே தவம் அதுதான்.

அதற்கு முன்னால், காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காசி பெரிய கேனில் ஊற்றிக்கொண்டிருந்தான். பால் கழுத்துக்கு ஏறியது. கோடு இருந்த இடத்தைத் தாண்டும்போது பழக்கத்தில் என் கை தானாக நீண்டது. அவன் குடத்தை நிமிர்த்திவிட்டு என்னைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள்.

"போதுமாக்கா?" என்றான்.

"நீ சொல்லுடா" என்றேன்.